ஈப்போவில் எல்லாரும் அழுத்திய ‘வேண்டாம்’

இதில் வருவது அத்தனையும் உண்மை. ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. என் இடது முழங்கால் மேல் சத்தியம். வலது முழங்கால் பெரியாஸ்பத்திரியில் புதிதாய்ப் போட்டது; அது சத்தியத்துக்கு ஆகாது.

செத்துப்போன கம்ப்யூட்டரை எழுப்புகிற தொழிலில் எழுப்புவது சுலபம். எழுந்த கம்ப்யூட்டர் கேட்கிற முதல் கேள்விக்குப் பதில் வாங்குவதுதான் கஷ்டம். அடுத்த வீட்டுக் கம்ப்யூட்டரைத் தெரியாத்தனமாய் ஒரே ஒரு முறை சரிசெய்து கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து சொந்தபந்தம் அத்தனைக்கும் ஆயுள் கைதியாகிப் போன நண்பர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஈப்போ புந்தோங்கில், சாவி வெட்டும் கடை ஒன்றின் முன்பாதியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் ரேடியோ ரிப்பேர் செய்தவன் என்பதால் இன்றைக்கும் ‘ரேடியோ அண்ணே’தான். புதுச் சிஸ்டத்தைத் தாங்க முடியாமல் மூச்சு வாங்குகிற பழைய கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுப்பேன். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்திருக்கிற சிஸ்டம் அது.

அதை முதன்முதலில் திறந்ததும் ஒரு பக்கம் வரும். ‘இந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிய விவரத்தை இதை உருவாக்கும் எங்களுக்கு அனுப்பலாமா?’ என்று கேட்கும். கீழே இரண்டு பட்டன்: அனுப்பு, வேண்டாம். பேர் போகாது, வீட்டு விலாசம் போகாது, படமோ கடிதமோ போகாது. மெஷின் என்ன வகை, மெமரி எவ்வளவு, எந்த நாட்டு நேரம் ஓடுகிறது, அவ்வளவுதான். நாமாகக் கை வைத்து ‘அனுப்பு’ என்றால்தான் போகும். சும்மா இருந்தால் போகாது. அந்தப் பட்டனை மட்டும் நான் தொடமாட்டேன். மெஷின் யாருடையதோ அவர் விரல்தான் அழுத்த வேண்டும். கடைச் சட்டம்.

நாற்று முளைத்த மெஷின்

பாகான் செராயிலிருந்து வயல்காரர் ஒருவர் கம்ப்யூட்டரைத் துண்டில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். விசிறி சத்தம் போடுகிறதாம். மூடியைக் கழற்றினால், உள்ளே பச்சைப் பசேலென்று நெல் நாற்று! அறுவடையின்போது சன்னலோரம் வைத்திருக்கிறார். விசிறி காற்றோடு நெல்லையும் இழுத்துப் போட்டிருக்கிறது. மெஷின் சூடு, வயல்காட்டு ஈரம், வேறென்ன வேண்டும்? ஹார்ட் டிஸ்க் மேல் ஒரு குட்டித் தவளை உட்கார்ந்து, ‘யாரப்பா நீ?’ என்பது போல் என்னைப் பார்த்தது.

நாற்றுக்குச் சேதமில்லாமல் லினக்ஸ் போட்டேன். கேள்விப் பக்கம் வந்தது. கண்ணாடியைத் துடைத்து இரண்டு தரம் படித்தவர், ‘வேண்டாம்’ என்று அழுத்தினார். ஏன் என்று கேட்டேன். “மெஷின் வெவரம் போனா நெல்லு வெவரமும் சேந்து போகும்லா. அப்புறம் வெவசாய ஆபீஸ்காரன் இதுக்கும் ஒரு பாரத்த நெரப்புன்னு தூக்கிக்கிட்டு வந்து நிப்பான்!”

பாக்கியம் அக்கா ஆமாம் சொல்லாதவர்

பாக்கியம் அக்கா மார்க்கெட் ஓரத்தில் மாலை கட்டுகிறவர். யார் வீட்டில் எந்தத் தேதியில் கல்யாணம், எத்தனை மாலை என்று பதிந்து வைக்க ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார். திரையில் எப்போதும் ஒரு மல்லிகை இதழ் ஒட்டியிருக்கும்.

அவரிடம் அந்தக் கேள்வியைக் காட்டினேன். அதுவரை தன் மருமகளைப் பற்றி நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தவர், பாதிப் பேச்சில் கையைக் கம்ப்யூட்டர் பக்கம் நீட்டினார். ‘வேண்டாம்’ பட்டனை ஒரு தடவைக்கு மூன்று தடவை அழுத்தினார். ஒரு தடவை போதும் அக்கா, பட்டன் உடைஞ்சிடும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. “தோட்டத்த வித்தப்ப ஒரு பாரத்தக் குடுத்து ‘ஆமா’ன்னு கைநாட்டு வெக்கச் சொன்னாங்க. வெச்சேன். மூணாம் மாசம் குடியிருந்த லயத்து வீட்ட விட்டுப் போன்னுட்டாங்க. அதுக்கப்புறம் நான் யாருக்கும் எதுக்கும் ஆமா சொல்றதில்ல, ரேடியோ.”

பனி ஊரில் அடித்த மணி

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து விளக்குவதற்குப் பதில், நான் ஒரு கதை கட்டிவிட்டேன். ‘நீங்க அனுப்புன்னு அழுத்தினா, பனி கொட்டுற ஊர்ல ஒரு ஆபீஸ்ல டிங்குனு மணி அடிக்கும். தாடிக்காரர் ஒருத்தர் கம்பளியை ஒதறிட்டு எழுந்து வந்து, உலக மேப்புல உங்க வீட்டு மேல ஒரு குண்டூசி குத்துவார்’ என்று. வாடிக்கையாளர் சிரிப்பார், ‘வேண்டாம்’ அழுத்துவார், அடுத்த ஆளைப் பார்ப்பேன். சட்டப்படி அழுத்தியது அவர் விரல்தானே?

கதைக்குக் கால் முளைத்தது. புந்தோங்கில் விட்டது, மீன்பிடி ஊரான ஹுத்தான் மெலிந்தாங் போய்ச் சேர்ந்தபோது, தாடிக்காரர் கையில் தொலைநோக்கி வந்திருந்தது. அங்கே படகு இஞ்சின் பழுது பார்க்கிற செல்வம் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தார். திரை மேல் சாரோங் போர்த்தியிருந்தது. கேள்விப் பக்கம் வந்ததும் நாலடி தள்ளி நின்று, தூண்டில் கம்பை நீட்டி, அதன் நுனியால் மௌஸைத் தள்ளி ‘வேண்டாம்’ அழுத்தினார். என்ன செல்வம் இது என்றேன். “என்னா அண்ணே, குளிச்சிட்டு வந்து அதுக்கு முன்னாலதான் லா நான் சட்ட மாத்துறேன்!”

மேரி டீச்சர் வந்தார்

சுங்காய் ஊருக்கு உள்ளே, ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட ஒரு தோட்டம். அங்கே பழைய ஹாலில் மேரி டீச்சர் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறார். ஆறாம் வகுப்போடு நின்றவர்கள், வேலைக்கு மனு அனுப்பவும் அரசாங்கப் பாரங்களைத் தாங்களே நிரப்பவும் கற்றுக்கொள்கிறார்கள். யாரோ கழித்துக்கட்டிய ஒன்பது மெஷின். ஒன்பதுக்கும் லினக்ஸ் போட்டவன் நான்.

ஒருநாள் அவர் கடைக்கு வந்து கைப்பேசியை நீட்டினார். சிஸ்டம் எழுதுகிற குழுவின் அறிவிப்பு: இந்தப் பழைய வகை மெஷின்களுக்கு இனிப் புதிய பதிப்பு இல்லை, வந்த விவரங்களைப் பார்த்தால், இவற்றை அநேகமாக யாருமே பயன்படுத்தவில்லை. புதிய பதிப்பு இல்லையென்றால் கொஞ்ச நாளில் அரசாங்கப் பக்கங்கள் திறக்காது. பக்கம் திறக்காவிட்டால் வகுப்பு இல்லை. வகுப்பு நின்றால் ஹாலை உர ஸ்டோராக்க மானேஜர் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“அண்ணே, ஒங்க ஆளுங்கள்ல எத்தன பேரு அனுப்புன்னு அழுத்தினாங்க?” என்றார். நான் சாவிக்கடைப் பக்கம் திரும்பி எதையோ தேடினேன். “நீங்க?” என்றார். தேடல் தீவிரமானது. அவருடைய ஒன்பதும்கூட வேண்டாம்தான். தாடிக்காரர் கதையை அந்தப் பெண்களிடமும் சொல்லிச் சிரிக்க வைத்தவன் நானேதான். டீச்சர் கோபப்படவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. “நல்லா ஒளிஞ்சிக்கிட்டோம் அண்ணே. இப்ப நாம இல்லவே இல்லன்னு எழுதிட்டாங்க.”

என் மகத்தான திட்டம்

மூளை என்று ஒன்று இருக்கிறதே, அது அப்போதுதான் வேலை செய்யும். ஒரே மெஷினில் லினக்ஸைப் போட்டு, ‘அனுப்பு’ அழுத்தி, அழித்து, மறுபடி போட்டு, மறுபடி அழுத்தினால்? ஒரு வாரத்தில் நூறு கம்ப்யூட்டர்! பேர் கிடையாது, ஊர் கிடையாது, யார் கண்டுபிடிப்பது? நேர வித்தியாசத்தை மட்டும் மாற்றினால் நூறில் பத்தைப் பனி ஊருக்கும் பத்தைத் தென்னாப்பிரிக்காவுக்கும் அனுப்பி, நம் இனத்தை உலகம் பூராவும் குடியேற்றிவிடலாம் என்று டீச்சரிடம் விவரித்தேன். எனக்கே கண் கலங்கியது, அவ்வளவு அழகான திட்டம்.

டீச்சர் கடைசிவரை கேட்டார். அப்புறம் என் கையிலிருந்த எலிக்குட்டியை, அதாவது மௌஸை, மெதுவாக எடுத்து மேசையின் அந்தப் பக்கம் வைத்தார். “அவங்க நம்மள நம்பித்தானே அண்ணே, பேரு வேணாம்னு சொல்லிட்டுக் கேக்குறாங்க? நீங்க வாயால சொல்ற கதைக்கு நான் சிரிப்பேன். இந்தக் கதைய மெஷின வெச்சுச் சொன்னீங்கன்னா, ஹாலு உரத்துக்கே போகட்டும்.”

கிராணியார் கணக்கு

வேறு வழியில்லை. என் கப்சாய் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வீடு வீடாகப் புறப்பட்டேன். முதலில் ஆரோக்கியசாமி கிராணி. கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. விடிகாலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, வந்தவர் வராதவர் எழுதியவர். அவர் கம்ப்யூட்டரில் செய்வது ஒரே வேலை, சதுரங்கம். அவரும் ‘வேண்டாம்’ கட்சி. “நாப்பது வருஷம் நான் எல்லார் பேரையும் கூப்ட்டேன். எம்பேர எவனும் கூப்ட்டதில்ல. இப்ப மட்டும் எதுக்கு?” என்று ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே என்னை வாசலில் நிறுத்திவிட்டார்.

“இதுவும் பெரட்டுதான் கிராணியாரே. அவங்க கூப்ட்டாங்க, நாம வாயத் திறக்கல. ஆளில்லன்னு எழுதிட்டாங்க” என்றேன். காயை நகர்த்தப் போன மௌஸ் பாதியில் நின்றது. பெரட்டில் அவர் சட்டம் தோட்டத்துக்கே தெரியும்: சத்தம் வந்தால்தான் ஆள். ஒருமுறை வெற்றிலையை வாய் நிறைய அடக்கிக்கொண்டு மூக்குக்கு நேரே நின்றவரை, ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டு அவரிடமே, ‘இன்னிக்கு நீ வரலியே, என்ன சமாச்சாரம்?’ என்று கேட்டவர் அவர். அந்த மனிதரும் பயந்துபோய், ‘காய்ச்சலுங்கய்யா’ என்றாராம். கிராணியார் ஆட்டத்தை அப்படியே மூடினார். “அந்தப் பனி ஊர்க்காரன் சரியாத்தான்லா எழுதியிருக்கான். தப்பு நம்ம வாயில.”

ஹாலில் பெரட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாரும் மெஷினோடு சுங்காய் ஹாலுக்கு வருவதென்று முடிவானது. வேனில் வந்தது, கப்சாயில் குழந்தை மாதிரி மடியில் வைத்து வந்தது, செல்வத்தின் மெஷின் ஐஸ்பெட்டியில் வந்தது. அதிலிருந்து வந்த வாசனைக்குத் தோட்டத்துப் பூனைகள் வாசலில் வரிசை கட்டின. டீச்சரின் பெண்கள் ஒன்பது மெஷினையும் துடைத்து வைத்திருந்தார்கள். எல்லா மெஷினிலும் அந்தக் கேள்விப் பக்கத்தை மறுபடி வரவழைத்து வைத்தேன். கிராணியார் கால்சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டு, நாற்காலி மேல் ஏறி நின்றார். மனிதர்களின் பேரை இல்லை; மெஷின்களின் பேரைத்தான். “பாகான் செராய் நெல்லு மெஷின்!” என்று கூப்பிட்டார். “இருக்கு!” என்று சொல்லி வயல்காரர் ‘அனுப்பு’ அழுத்தினார். “மீனு மெஷின்!” “இருக்கு!” இந்த முறை செல்வம் கம்பு இல்லாமல், விரலாலேயே. என் மெஷின் முறை வந்தபோது நானும் கத்தினேன்.

“மால மெஷின்!” சத்தம் இல்லை. பாக்கியம் அக்கா வந்திருந்தார். எல்லா மெஷினுக்கும் மாலைகூடக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் பட்டனுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தேன். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். டீச்சர் அனுப்பப் போகிற விவரப் பக்கத்தைத் திறந்து காட்டினார். அக்கா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். “இதுல எங்க வீடு எங்க இருக்கு?” “இல்லக்கா.” “நான் கை வெச்சா, யாரும் எந்திரிச்சுப் போன்னு சொல்ல மாட்டாங்களே?” “மாட்டாங்கக்கா. புடிக்கலன்னா நாளைக்கே வேணாம்னு மாத்திக்கலாம். இந்தா பாருங்க, இந்த எடத்துல.” அக்கா அந்த இடத்தை இன்னொரு தரம் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு மௌஸ் மேல் விரலை வைத்து ‘அனுப்பு’ அழுத்தி, கூரைத் தகரம் அதிர “இருக்கு!” என்றார். எல்லாரும் கை தட்டி ஓய்ந்த பிறகு என் பக்கம் திரும்பினார். “தாடிக்காரன் கதைய வுட்டுட்டு இத மொதல்ல சொல்லியிருக்கணும், ரேடியோ. சொன்ன ஆமாவத் திருப்பி வாங்க ஒரு எடம் இருக்குன்னா, நான் ஏன்யா வேணாங்கப் போறேன்?”

நம்பாத கடிதம்

டீச்சர் அந்தக் குழுவுக்கு ஒரு கடிதமும் எழுதினார்: நாங்கள் இருக்கிறோம், எங்களைக் கைவிடாதீர்கள் என்று. மூன்றாம் நாள் பதில் வந்தது. ரொம்ப மரியாதையாகத்தான். ஆனால் விஷயம் இதுதான்: வருடக்கணக்கில் ஒன்றுகூட வராத வகை மெஷின்கள், ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே மணி நேரத்துக்குள், ஒரே நாட்டு நேரத்திலிருந்து கொத்தாக வந்திருக்கின்றன. யாரோ ஒருவர் ஒரே மெஷினை வைத்து விளையாடுகிறார் என்று சந்தேகப்படுகிறோம். எண்ணிக்கையில் சேர்க்க முடியாது.

என் திட்டத்தை அப்படியே எழுதியிருந்தார்கள்! தாடிக்காரருக்குத் தொலைநோக்கி இருக்கிறது என்பதைக்கூட நம்பிய உலகம், நான் யோக்கியமாகச் செய்த ஒரே காரியத்தை நம்ப மறுத்தது. டீச்சர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அந்த வாரம்தான் மானேஜர் அனுப்பிய ஆள் ஹாலின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்துவிட்டுப் போயிருந்தார். கடிதத்தை வாங்கிப் படித்த கிராணியார் அதை மேசை மேல் அறைந்தார். “இருக்கேன்னு சத்தம் போட்ட ஆள, இல்லன்னு நான் ஒருநாளும் எழுதுனதில்ல!”

அழித்த பேர்கள்

சேதி பரவியது. அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. பேரில்லாத நாலு வரி விவரத்தை அனுப்ப நடுங்கிய அதே ஜனங்கள், ‘நீங்கள் இல்லை’ என்று ஒருவர் சொன்னதும் ரோசப்பட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கடிதம்! வயல்காரர் நாற்றோடு நின்று படம் எடுத்து அனுப்பினார். செல்வம் தன் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, இரண்டு பக்கமும் படம் பிடித்து, இரத்த வகையையும் சேர்த்து அனுப்பினார். கிராணியார் தன் ஓய்வுக் கடிதத்தின் நகலை அனுப்பினார். டீச்சரின் பெண்கள் ஒவ்வொருவரும், வகுப்பில் படித்ததைக் கொண்டு, தங்கள் முதல் மின்னஞ்சலைத் தாங்களே தட்டி அனுப்பினார்கள். பாக்கியம் அக்கா சொல்லச் சொல்ல டீச்சர் எழுதியது மட்டும் நாலு பக்கம்: பிறந்த லயம், தோட்டம் விற்ற கதை, மருமகளின் குணம், சிறுநீரகக் கல், ஈப்போ வந்தால் வந்து சாப்பிட வேண்டிய வீட்டு விலாசம், கறுப்புக் கேட்டுக்கு எதிர்வீடு என்ற அடையாளத்தோடு.

இந்த முறை பதில் மறுநாளே வந்தது. ‘தயவுசெய்து நிறுத்துங்கள். நம்புகிறோம். உங்கள் வகை மெஷினுக்கு அடுத்த இரண்டு பதிப்பும் வரும். எங்களுக்கு மெஷின் விவரம் மட்டுமே போதும். நீங்கள் அனுப்பிய பேர்கள், படங்கள், விலாசங்கள், மருத்துவ விவரங்கள் எல்லாவற்றையும் எங்கள் விதிப்படி அழித்துவிட்டோம்’ என்று இருந்தது. டீச்சர் ஹாலில் வாசிக்க, பெண்கள் கூச்சலிட்டு ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். மறுபடி டேப்போடு வந்த மானேஜரின் ஆள் அதைப் பார்த்துவிட்டு, அளக்காமலே சைக்கிளைத் திருப்பினார். பாக்கியம் அக்கா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். “அழிச்சிட்டாங்களா? நாலு பக்கமும்? அடப் பாவிங்களா, நான் ஆமா சொன்னதே எம்பேரு அங்க இருக்கட்டும்னுதானே!”

இத்தனை வருடத்தில் இந்தத் தொழில் எனக்குக் கற்றுக் கொடுத்தது, பேர் வேண்டாம் என்று கேட்டால் பதில் சொல்லாத ஆள், நீ இல்லை என்று சொன்னால் சிறுநீரகக் கல்வரை சொல்லிவிடுவார் என்பதுதான். ஆனால் நண்பர்களே, இதையெல்லாம் உங்களுக்குச் சொன்னது யார் என்று மட்டும் பாக்கியம் அக்கா கேட்டால் வாயைத் திறக்காதீர்கள், மருமகளைப் பற்றி எழுதியதை நான் படித்தது அவருக்குத் தெரியாது.